சோம்பேறி என்று சொல்லும் முன் குறட்டையைக் கேளுங்கள்

விடியற்காலை ஐந்தரை மணிக்குக் குமணன்சாவடி சந்திப்பில் நின்று பாருங்கள். திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கமிருந்து இரவு ஷிப்ட் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பேருந்துகளும் வேன்களும் வரிசையாக வரும். மெட்ரோ தூண்களுக்குக் கீழே நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து, வாய் திறந்தபடி உறங்கும் முகங்கள் தெரியும். இறங்கி மாங்காடு, காட்டுப்பாக்கம், கரையான்சாவடி என்று பிரிந்து போகிறவர்களில் பலர் நம் தெருப் பிள்ளைகள். அதே நேரத்தில் சாலையோரம் பெருக்கிக்கொண்டிருக்கும் அக்காக்களும் நம்மவர்கள்தான். இந்த ஊரில் யார் தூங்குகிறார்கள், யார் விழித்துக் கிடக்கிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சாதிக் கணக்கு என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

எங்கள் படிப்பு வட்டத்துக்கு வரும் அண்ணன் ஒருவர் அப்படியொரு வேனை ஓட்டுகிறார். வயது 44. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு வருடமாக அவருக்கு இருந்த பெயர் ‘குடிகாரன்’. சிக்னலில் வண்டி நிற்கும், விளக்கு பச்சையாகும், அண்ணன் நகர மாட்டார். பின்னால் ஹாரன் கிழியும். திடுக்கிட்டு எழுந்து கியர் போடுவார். வண்டி முதலாளி வாயை ஊதச் சொல்லிப் பார்த்தார். வாடை எதுவும் இல்லை, ஆனாலும் சந்தேகம் போகவில்லை. பத்து வருடமாகக் குடிக்காத மனிதர் அவர். “எட்டு மணி நேரம் தூங்குறேன் தம்பி, எழுந்தா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு” என்று எங்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நாங்களும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதில் எங்கள் பங்கையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ‘சாதியை ஒழிக்கும் வழி’ நூலைப் படித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் சுவரில் சாய்ந்து உறங்கிவிட்டார். பெரிய குறட்டை. எங்களில் ஒரு தம்பி அதைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டான். சிரிப்பு பொம்மைகள் வரிசையாக விழுந்தன. “அண்ணன் சாதியை ஒழிச்சிட்டுதான் எழுந்திருப்பாரு” என்று ஒருவர் எழுதினார். எல்லோரும் சிரித்தோம். அந்த வீடியோவில் குறட்டை நடுவில் சட்டென்று நின்றுபோகிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, ஆனால் காற்று போகும் சத்தம் இல்லை. ஏறக்குறைய 20 நொடி. பிறகு நீரில் முங்கி எழுந்தவர் போல ஒரு பெரிய விக்கலோடு மூச்சு திரும்புகிறது. அந்த 20 நொடியில்தான் நாங்கள் அதிகம் சிரித்திருந்தோம்.

மாதங்கள் கழித்து, மூன்று மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை என்று அரசு மருத்துவமனை ஒன்றுக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்த இளம் மருத்துவர், “குறட்டை விடுவீங்களா?” என்று கேட்டார். அண்ணன் வெட்கத்தில் இல்லையென்று தலையாட்ட, கூடப் போயிருந்த அண்ணி அந்த வீடியோவை எடுத்துக் காட்டினார். “நைட்ல இவருக்கு மூச்சே நின்னு போவுது டாக்டர், பேய் அமுக்குதுன்னு மந்திரிச்சுக் கயிறு கட்டினோம்” என்றார். மருத்துவர் அந்த வீடியோவை இரண்டு முறை பார்த்துவிட்டு, நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நோயின் பெயர் ஸ்லீப் ஆப்னியா. தமிழில் தூக்கத்தில் மூச்சுத்தடை என்று சொல்லலாம்.

அதன் வேலை இப்படி. உறங்கும்போது உடம்பின் தசைகள் எல்லாம் தளர்கின்றன. தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் தசைகளும் தளரும். சிலருக்குத் தொண்டைக் குழாய் குறுகலாக இருக்கும். கழுத்துச் சதை, பெரிய டான்சில், பின்னால் தள்ளிய தாடை, பருத்த நாக்கு என்று காரணம் பல. அப்போது குழாய் மடிந்து ஒட்டிக்கொள்கிறது. பாதி மூடினால் குறட்டை. முழுதாக மூடினால் மூச்சு இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி, அட்ரினலினைக் கொட்டி ஆளை உலுக்குகிறது. தொண்டை திறக்கிறது, ஒரு மூச்சு, மறுபடி உறக்கம், மறுபடி அடைப்பு. ஆள் கண் விழித்ததாகக்கூட நினைவிருக்காது. 10 நொடியோ அதற்கு மேலோ நீடிக்கும் தடையை ஒன்றாக எண்ணுகிறார்கள். மூச்சு பெரிதும் குறைந்துபோவதும் இந்தக் கணக்கில் சேரும். மணிக்கு 5 முறைக்கு மேல் போனால் நோய். 15க்கு மேல் நடுத்தரம். 30க்கு மேல் கடுமை. முப்பது என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை யாரோ கழுத்தை நெரித்துவிட்டு விடுவது போல. அண்ணனுக்கு வந்த எண் 41.

எட்டு மணி நேரம் படுத்தும் அவர் ஏன் தூங்கவே இல்லை என்பது இப்போது புரிந்திருக்கும். இரவில் இறங்க வேண்டிய ரத்த அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்பதும். ராத்திரி நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்ததை அவர் சர்க்கரை என்று நினைத்திருந்தார். மூச்சுக்குப் போராடும்போது இதயத்தின் மேல் விழும் இழுப்பு, சிறுநீரைக் கூட்டும் ஒரு ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. காலைத் தலைவலி, எரிச்சல், மறதி, ஆண்மைக் குறைவு எல்லாம் இதோடு சேர்ந்து வரும். வருடக்கணக்கில் விட்டுவிட்டால் பக்கவாதம், இதயத் துடிப்புக் கோளாறு, கட்டுப்படாத சர்க்கரை வரை போகும்.

இது ஏதோ அபூர்வ நோய் என்று நினைக்க வேண்டாம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கு இது இருக்கிறது. உழைக்கும் வயதில் மட்டும் சுமார் 10 கோடிப் பேர். 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹரி மும்பையில் இறந்தபோது மருத்துவர்கள் சொன்ன காரணங்களில் ஸ்லீப் ஆப்னியாவும் ஒன்று. அப்போதுதான் பல பத்திரிகைகள் இந்த வார்த்தையை விளக்கி எழுதின. நட்சத்திரம் இறந்தால் நோய்க்குப் பெயர் கிடைக்கிறது. நம் தெருவில் இறந்தால் “தூக்கத்திலேயே போயிட்டாரு, நல்ல சாவு” என்று சொல்லி மேளம் அடிக்கிறோம்.

சோம்பேறி என்ற சொல்லுக்கு வருவோம். 1851இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் ஓர் அறிக்கை எழுதினார். அடிமைகள் தப்பி ஓடுவதற்கு ‘டிராப்டோமேனியா’ என்று ஒரு நோய்ப் பெயர் வைத்தார். அவர்கள் வேலையில் மந்தமாக இருப்பதற்கும் ஒரு நோய்ப் பெயர். அதற்கு அவர் சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? உடம்பில் எண்ணெய் பூசித் தோல் வாரால் அடித்து உள்ளிறக்கி, வெயிலில் கடின வேலைக்கு அனுப்புவது. களைத்துப்போன உடம்புக்கு மேலும் வேலை கொடுப்பதை மருந்து என்று எழுதி வைத்த ஆள். நம்மூர் ஆண்டைகளுக்கு இந்தச் சிரமம்கூட இல்லை. நோய்ப் பெயர் தேடாமல் சாதிப் பெயரைச் சொல்லியே திட்டினார்கள். இன்றும் வகுப்பில் ஒரு பிள்ளை கண்ணயர்ந்தால் “கோட்டாவுல வந்துட்டுத் தூங்குறான் பாரு” என்று சொல்லும் வாய்கள் இருக்கின்றன. நம்மில் பலர் கேட்டிருக்கிறோம்.

அதனால்தான் எங்கள் தோழர்கள் சிலர் முதலில் முகம் சுளித்தார்கள். “நம்ம ஆளுங்க களைப்பா இருக்குறது வேலைச் சுரண்டலால. அதை நோய்னு சொன்னா முதலாளி தப்பிச்சிடுவான்” என்றார் ஒருவர். அதில் நியாயம் இருக்கிறது. 12 மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு, தகரக் கூரைக்குக் கீழே பகலில் மூன்று மணி நேரம் புரண்டு படுப்பவருக்குத் தூக்கம் வருவதற்குப் பரிசோதனை தேவையில்லை. அவருக்குத் தேவை ஓய்வு நேரமும் காற்றோட்டமான வீடும். அம்பேத்கர் வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்த காலத்தில் கொண்டுவந்த மசோதாதான் 1946இல் தொழிற்சாலைச் சட்டத் திருத்தமாகி வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைத் தந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேற்றப்பட்டது. தொழிற்சங்கங்களும் இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் எதிர்த்த பிறகு மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். தூக்கத்துக்கான போராட்டம் என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் அது அதுதான்.

ஆனால் அந்தத் தோழரின் வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. எட்டு மணி நேர வேலை கிடைத்தாலும் அண்ணனின் தொண்டை மூடிக்கொள்ளும். சுரண்டலும் நோயும் ஒரே உடம்பில் இருக்கலாம். ஒன்றைப் பேசினால் மற்றது மறைந்துவிடும் என்ற பயத்தில் நம் ஆட்களை நாமே சாகவிட முடியாது. பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. குறைவாகத் தூங்கிக் களைத்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். போதுமான நேரம் தூங்கியும் களைப்பு தீரவில்லை என்றால் தொண்டையைப் பாருங்கள். களைப்புக்கு ரத்தசோகையும் தைராய்டும்கூடக் காரணமாகலாம், குறிப்பாகப் பெண்களுக்கு. அரசு மருத்துவமனையில் அந்த ரத்தப் பரிசோதனைகளையும் கேட்டு வாங்குங்கள்.

பெண்கள் விஷயத்தில் இன்னொரு தொல்லை. ஆணின் குறட்டை வீட்டில் கேலி, பெண்ணின் குறட்டை அவமானம். ‘பொம்பளை குறட்டை விடுவாளா’ என்ற பேச்சுக்குப் பயந்து அக்காக்கள் சொல்லவே மாட்டார்கள். பெண்களுக்குச் சத்தமான குறட்டை இல்லாமல், தூக்கம் கலைவது, தலைவலி, மனச்சோர்வு என்றும் இந்த நோய் காட்டும். மாதவிடாய் நின்ற பிறகு இது கூடுகிறது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா ஒருவர் “வயசாயிடுச்சு, அதான்” என்று சொன்னால், அந்தப் பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

குண்டானவர்களுக்குத்தான் இது வரும் என்பதும் பாதி உண்மைதான். உடல் எடை பெரிய காரணம். ஆனால் ஆசியர்களுக்குத் தாடை அமைப்பினால் ஒல்லியான உடம்பிலும் வருகிறது. எங்கள் அண்ணனுக்கு லேசான தொந்தி, அவ்வளவுதான். எடைக்குப் பின்னாலும் ஓர் அரசியல் உண்டு. இரவு ஷிப்டில் கிடைப்பது பரோட்டாவும் ஃப்ரைடு ரைஸும் டீயும். ‘வாயைக் கட்டு’ என்று அறிவுரை சொல்லும் மருத்துவர்கள் அந்தத் தட்டை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ‘ஸ்டாப்-பேங்’ என்று எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு முறை இருக்கிறது. கனடாவின் டொரண்டோவில் மயக்கவியல் மருத்துவர்கள் உருவாக்கியது. கதவு சாத்தினாலும் கேட்கும் அளவுக்குக் குறட்டை விடுகிறாரா? பகலில் களைப்பா, தூங்கி வழிகிறாரா? தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா? ரத்த அழுத்தம் உண்டா? உடல் எடைக் குறியீடு 35க்கு மேலா? வயது 50க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா? ஆணா? மூன்றுக்கு ‘ஆம்’ வந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஐந்துக்கு மேல் வந்தால் தள்ளிப் போடாதீர்கள். எடை 35ஐத் தொடவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம், நம் உடம்புவாகுக்கு அது மிகப் பெரிய எண். தையல்காரரின் இஞ்ச் டேப்பும், பக்கத்தில் படுத்திருக்கும் ஒருவரும் போதும், இதைச் செய்துவிடலாம். ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் படுக்கும் வறுமையில் நமக்கு இருக்கும் ஒரே அனுகூலம் இதுதான். யாருடைய மூச்சு நின்றாலும் இன்னொருவர் காதில் விழும். தனியறையில் ஏசி போட்டுப் படுப்பவருக்கு அந்தச் சாட்சி கிடையாது.

அதற்குப் பிறகு உறுதி செய்ய இரவுத் தூக்கப் பரிசோதனை வேண்டும். தலையிலும் நெஞ்சிலும் ஒயர்கள், மூக்கில் காற்றை அளக்கும் குழாய், விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். ஒரு ராத்திரி அங்கே படுக்க வேண்டும். வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் சிறிய கருவியும் உண்டு. தனியாரில் இதற்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். நகரத்தின் பெரிய அரசு மருத்துவமனைகளில் நெஞ்சக நோய்ப் பிரிவிலோ, காது-மூக்கு-தொண்டைப் பிரிவிலோ கேளுங்கள். காத்திருப்புப் பட்டியல் இருக்கும். அண்ணன் மூன்று முறை கூலியை இழந்து போய்வந்த பிறகுதான் அவருக்கு ஓர் இரவு கிடைத்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இருபுறமும் தனியார் மருத்துவக் கல்லூரிகளும் பல் மருத்துவக் கல்லூரிகளும் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றின் கட்டடங்களைக் கட்டியதும் கூட்டித் துடைப்பதும் நம் ஆட்கள்.

விரல் கிளிப்பைப் பற்றி ஒரு செய்தி. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கினோமே, அதே பல்ஸ் ஆக்சிமீட்டர்தான். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்தும் கருவி நன்றாக இருப்பதாகக் காட்டிய நிகழ்வுகள், வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தன. தோலின் நிறம் ஒளியை உறிஞ்சுவதால் வரும் பிழை இது. தூக்கப் பரிசோதனையிலும் இதே ஒளி, இதே விரல்தான். நம் நிறத்தைப் பற்றி ஊர் சொல்லாத பேச்சில்லை, இப்போது இயந்திரமும் தன் பங்குக்குப் பேசுகிறது. அறிக்கையில் ‘லேசானது’ என்று வந்து, உடம்போ தாங்கவில்லை என்றால், மருத்துவரிடம் இதைத் துணிந்து கேளுங்கள். மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகளே, இதை உங்கள் வகுப்பில் எழுப்புங்கள். பாடப்புத்தகம் எந்த நிறத் தோலைப் பார்த்து எழுதப்பட்டது என்று கேட்பதும் நம் வேலைதான்.

சிகிச்சைக்கு வருவோம். நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் முதல் வழி சி-பேப் கருவி. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981இல் இதை உலகுக்குச் சொன்னார். மூக்கில் ஒரு முகமூடி, அதன் வழியே தொடர்ந்து மெல்லிய அழுத்தத்தில் காற்று. அந்தக் காற்றே தொண்டையை மடியாமல் தாங்கிப் பிடிக்கும். மருந்து இல்லை, ஊசி இல்லை. சரியாகப் பொருந்திவிட்டால் பலருக்கு முதல் சில நாட்களிலேயே வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. பொருந்தாமல் கழற்றி எறிபவர்களும் ஏராளம். மூக்கு காய்கிறது, காற்று கசிகிறது, குழந்தை பார்த்து அழுகிறது. அண்ணனின் மகள் முதல் நாள் “அப்பா யானை மாதிரி இருக்காரு” என்றாளாம். முகமூடியின் அளவை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை, கேட்க வேண்டும்.

லேசான நோய்க்கு வேறு வழிகள் உண்டு. மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது சிலருக்கு நன்றாக உதவும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே எண் இறங்கும். கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல் கருவியைப் பயிற்சி பெற்ற பல் மருத்துவர்கள் செய்து தருவார்கள். சிலருக்கு அறுவைச் சிகிச்சை. படுக்கும் முன் குடிப்பது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி மூச்சை நீண்ட நேரம் அடைக்கும். ‘ஒரு குவார்ட்டர் போட்டாதான் தூக்கம் வருது’ என்பவர்களிடம் ஒழுக்கப் பிரசங்கம் வேண்டாம், இந்தச் செய்தியை மட்டும் சொல்லுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் தூக்க மாத்திரைகளிலும் சில இதே வேலையைச் செய்யும். வேறு எந்த அறுவைச் சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் “எனக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கு” என்று முதலில் சொல்லிவிடுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

விலைதான் சுவர். புதுக் கருவி முப்பதாயிரத்தை ஒட்டித் தொடங்கி மேலே போகிறது. வாடகைக்கும் கிடைக்கிறது. பழைய கருவி மலிவாக வருகிறது என்று வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் கருவிகள் பலவற்றை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது, உள்ளே சத்தம் குறைக்க வைத்த நுரைப்பஞ்சு உதிர்ந்து மூச்சில் கலக்கக்கூடும் என்பதால். வாங்கும் முன் மாடல் எண்ணைப் பார்த்து, திரும்பப் பெறப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். மத்திய அரசு ஊழியர்களின் சி.ஜி.எச்.எஸ் திட்டத்தில் இக்கருவிக்குப் பணம் திரும்பப் பெற வழி இருக்கிறது. ஆக, இது அவசியமான சிகிச்சை என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. குளிரூட்டிய அறையில் கோப்பு பார்ப்பவரின் தொண்டைக்குக் கிடைப்பது, 20 பேரை ஏற்றிக்கொண்டு விடியலில் வண்டி ஓட்டுபவரின் தொண்டைக்கும் கிடைக்க வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக வீட்டில் வைத்துக்கொள்ளும் கருவியைக் கொடு என்பது எங்கள் முதல் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கைக்குப் புதிய பணம்கூட வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை தருகிறார்கள். அந்தப் பதிவேட்டில் மூன்று கேள்வி சேர்த்தால் போதும். குறட்டை உண்டா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தீர்களா, பகலில் தூக்கம் வருகிறதா. மாத்திரை போட்டும் அழுத்தம் இறங்காதவர்களைப் பற்றிய விவரம் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் வேலை கூடினால் அந்தத் தன்னார்வலர் அக்காக்களின் ஊதியமும் கூட வேண்டும், அதையும் சேர்த்தே கேட்கிறோம்.

மூன்றாவது, நாங்கள் மிகவும் தயங்கித் தயங்கிப் பேசியது. 2013 டிசம்பர் 1 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு பயணிகள் ரயில் தடம் புரண்டது. மணிக்கு 48 கிலோமீட்டரில் திரும்ப வேண்டிய வளைவில் 132இல் வந்தது. 4 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் கண்ணயர்ந்திருந்தார். விபத்துக்குப் பிறகு பரிசோதித்தபோதுதான் அவருக்குக் கடுமையான ஸ்லீப் ஆப்னியா இருந்தது தெரிந்தது. அங்கே ஓட்டுநர்களுக்குப் பரிசோதனை கட்டாயமாக்கும் விதி 2016இல் முன்வைக்கப்பட்டு 2017இல் கைவிடப்பட்டது. நம் நாட்டில் உரிமம் கேட்டு நிரப்பும் படிவத்தில் வலிப்பு உண்டா, கண் தெரிகிறதா என்று கேட்கிறார்கள். குறட்டை கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று எழுதக் கை வருகிறது. ஆனால் கேட்டால் என்ன ஆகும்? ‘ஆம்’ என்று எழுதியவருக்கு வேலை போகும். அடுத்தவர் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அதே தூக்கத்தோடு வண்டி ஓட்டுவார். அண்ணன் தன் பரிசோதனை முடிவை இன்றுவரை முதலாளியிடம் காட்டவில்லை. குடிகாரன் என்று நினைத்தவர் நோயாளி என்று தெரிந்தால் இன்னும் சீக்கிரம் நிறுத்திவிடுவார் என்கிறார். அவர் பயம் தப்பில்லை. ஆனால் இருபது பேர் உயிரும் பொய்யில்லை. கருவி வரும்வரை இரவு ஓட்டத்தை விட்டுப் பகல் ஓட்டத்துக்கு மாறச் சொன்னோம், எங்களில் சிலர் சண்டையே போட்டோம். இரவுக்குக் கிடைக்கும் கூடுதல் பணத்தில்தான் வீட்டு வாடகை. அந்த இரண்டு மாத வித்தியாசத்தை வட்டத்தில் திரட்டிக் கொடுத்த பிறகே மாறினார். எனவே பரிசோதனையைக் கட்டாயமாக்கு என்று மட்டும் கேட்கும் கோரிக்கையில் நாங்கள் கையெழுத்திட மாட்டோம். பரிசோதனை, இலவசக் கருவி, சிகிச்சைக் காலத்தில் ஊதியத்தோடு மாற்று வேலை, மூன்றும் ஒன்றாக வர வேண்டும். முதலாவது மட்டும் வந்தால் ஒப்பந்தத் தொழிலாளியை வெளியே தள்ள இன்னொரு காகிதம் கிடைத்தது என்று பொருள்.

குழந்தைகளைச் சொல்லாமல் விட முடியாது. பிள்ளைகளுக்கு இந்த நோய் வருவது பெரும்பாலும் டான்சிலும் அடினாய்டு சதையும் வீங்குவதால். அவர்கள் பகலில் தூங்கி வழிவதைவிடத் துறுதுறுவென்று அலைவார்கள், கவனம் நிற்காது, வாயால் மூச்சு விடுவார்கள், ஐந்தாறு வயதிலும் படுக்கையை நனைப்பார்கள். ஆசிரியர் வாயில் அதற்கு ‘மக்கு’, ‘அடங்காதது’ என்று பெயர். அந்தப் பெயர் யாருடைய பிள்ளைக்குச் சீக்கிரம் ஒட்டும் என்று நமக்குத் தெரியும். அரசு மருத்துவமனைக் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் டான்சில் அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள், பல பிள்ளைகளுக்கு அதுவே போதும். மாலைப் படிப்பகம் நடத்தும் தோழர்கள், ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கிப் படிக்கும் தம்பிகள் இதைக் கவனியுங்கள். விடுதிக் கூடத்தில் யார் குறட்டை விடுகிறார்கள் என்று உங்களைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. தலையணையால் அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் கேளுங்கள், சத்தம் நடுவில் நிற்கிறதா என்று.

நம் இயக்கங்களுக்கும் ஒரு வார்த்தை. மகாராஷ்டிரத்தில் அம்பேத்கர் பிறந்தநாளுக்கு 18 மணி நேரம் தொடர்ந்து படித்து அஞ்சலி செலுத்தும் வழக்கம் இருக்கிறது. நல்ல வழக்கம். ஆனால் வருடம் முழுவதும் நான்கு மணி நேரம் தூங்குவதைத் தியாகம் என்று ஸ்டேட்டஸ் போடும் பழக்கம் நம்மிடம் வளர்ந்துவிட்டது. பாபாசாகேப் சர்க்கரை நோயோடும் மூட்டு வலியோடும் எழுதினார், 65 வயதில் உறக்கத்தில் இறந்தார். அவர் உடம்பு பட்ட பாட்டை நாம் சுவரொட்டி வாசகமாக்க வேண்டியதில்லை.

அண்ணன் இப்போது வாடகைக் கருவியில் உறங்குகிறார். ரத்த அழுத்த மாத்திரை மூன்று இரண்டாகியிருக்கிறது. மின்வெட்டு வரும் இரவுகளில் கருவி நின்றுவிடுகிறது, அண்ணி எழுந்து அவரை ஒருக்களித்துத் திருப்பிப் படுக்க வைக்கிறார். அந்த வீடியோவைக் குழுவில் போட்ட தம்பி மன்னிப்புக் கேட்டான். “அழிச்சிடாதடா, அடுத்த தடவை டாக்டர் கேட்டா காட்டணும்” என்றார் அண்ணன். வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, வழக்கமான இடத்தில் படிப்பு வட்டம். இஞ்ச் டேப்பும் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் இருக்கும். வீட்டில் குறட்டை விடுபவர்களைக் கூட்டி வாருங்கள், அவர்கள் பக்கத்தில் படுப்பவர்களையும்.